கத்திரிக்காய் மகாராணி

“செத்துட்டா! மகாராணி செத்துட்டா!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார் மாப்பிள்ளை.

பிரசவ அறையின் கதவையே பார்த்துக்கொண்டு நின்ற மாமியார் வெடுக்கென்று திரும்பினார். மாப்பிள்ளையின் கையில் ஒரு வீடியோ கேம். அதன் சின்னத் திரையில், கிரீடம் வைத்த கத்திரிக்காய் ஒன்று காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

“எந்த இடத்துல என்ன பேச்சு மாப்பிள்ளை இது? முதல்ல வாயைக் கழுவுங்க.”

“மன்னிச்சுக்குங்க அத்தை. ஆட்டத்துல சொன்னேன்.” சொன்னவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

தையற்கடை வைத்துப் பத்துப் பெண்களை மேய்க்கிறவர் மாமியார். கை சும்மா இருந்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். காலையில் மகளை உள்ளே அழைத்துப் போனார்கள். தலைப்பிரசவம், நேரமாகும், யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியதோடு சரி. அப்போதிருந்து கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து அவர் செருப்பே தேய்ந்துபோயிருந்தது.

மாப்பிள்ளையோ, பிரசவ அறைச் சுவரை ஒட்டிய மூலை நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் கறுப்பு. அந்த நகத்தையே கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

‘கட்டினா இவரைத்தான் கட்டுவேன்னு ஒத்தைக் காலில் நின்னாளே. எதைப் பார்த்து மயங்கினாளோ!’

“ஐயய்யோ, பேயா எழுந்து வந்துட்டாளே!” மாப்பிள்ளை மறுபடி அலறினார். “என் பூசணித் தளபதியைத் தூக்கிச் சாக்கடையில போட்டுட்டா!” அலறல் அடங்குவதற்குள் சிரிப்பு பீறிட்டது. எதிர் பெஞ்சில் இருந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து தள்ளிப் போனார். மாமியாருக்கு மானம் கப்பலேறியது.

அடக்கிக்கொண்டு பக்கத்தில் போனார். “மாப்பிள்ளை, கீழே போய் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன். எனக்கு மனசே சரியில்லை.”

“நீங்களே கேட்டுட்டு வந்துடுங்க அத்தை. நான் இந்த நாற்காலியை விட்டு நகர முடியாது.”

“ஏன், பசை போட்டு ஒட்டியிருக்கா?”

“ரெண்டு அடி தள்ளிப் போனாலே ஆட்டம் அறுந்துபோயிடுது அத்தை.”

மாமியாருக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல் இருந்தது. உள்ளே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். இங்கே இவருக்கு ஆட்டம் அறுந்துவிடக் கூடாதாம்! இந்த மனிதன் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுத்தால் எந்த மூலையில் வைத்து மறப்பாரோ. மகளையும் பிள்ளையையும் நேரே தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார்.

இப்போது மாப்பிள்ளை பொத்தானைத் தொடாமல் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

“என்ன, அலுத்துப்போச்சா?”

“இல்ல அத்தை. இது படபடன்னு அடிக்கிற ஆட்டம் இல்ல. நாம ஒண்ணு செஞ்சா, எதிராளி ஒண்ணு செய்யணும். அது வரைக்கும் பொறுத்துத்தான் ஆகணும்.” பிரசவ அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். “இந்தத் தடவை ரொம்ப நேரமாகுது.”

“கத்திரிக்காய்க்கு உருகுறீங்களே! கட்டினவ நினைப்பு துளியாவது இருக்கா?”

“அத்தை, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. இது வந்து…”

“பேசாதீங்க! உங்க முகத்தைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு.”

டப்பா ‘டிங்’ என்று ஒலித்தது. மாப்பிள்ளை பொத்தானைத் தொடுவதற்குள், பொறுத்ததெல்லாம் போதும் என்று மாமியார் அதைப் பிடுங்கினார். கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தியதில் திரை அணைந்தது. கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

“ஐயோ அத்தை, குடுத்துடுங்க! உங்க காலில் வேணும்னாலும் விழறேன்!” மாப்பிள்ளை நிஜமாகவே குனிந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

‘த்தூ! பொம்மைக்கு அழும் ஆம்பளை!’ மாமியார் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கதறல் கேட்டது. மகளின் குரல்தான். காலையிலிருந்து ஒரு முனகலைக்கூட வெளியே விடாதவள், இப்போது அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மாப்பிள்ளை சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிலைபோல் நின்றார்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். மாமியார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் அவ அம்மா. என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?”

“பயப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கு. இவ்வளவு நேரம் வலி வந்தப்ப எல்லாம் அவங்க கையில இருக்கிற கேமைப் பார்த்துச் சிரிச்சே சமாளிச்சாங்க. திடீர்னு அது நின்னுபோச்சாம். அப்பலேருந்து தாங்க முடியலைன்னு கத்துறாங்க.”

சொல்லிவிட்டு மாமியாரின் தோளுக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்தார் நர்ஸ்.

“ஏன் சார் நிறுத்திட்டீங்க? உங்க முறையாம்!”