பதில் பாட்டு

"இன்னைக்கு ஒரே ஒரு நாள் வாயைப் பொத்திக்கிட்டு மரம் ஏறுங்கண்ணே! என் மகளைப் பொண்ணு கேட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க."

ரூத்தா கெஞ்சினாள். பவுரோ கத்தியைத் தீட்டிக்கொண்டே மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"அது மட்டும் முடியாது தங்கச்சி."

"சாமி பாட்டுப் பாடுங்களேன், யார் வேணாங்கிறா? எதுக்கு என் புருஷனை நாறடிக்கிறீங்க? 'தமுவேரா தொப்பை முதல்ல இறங்குது, தமுவேரா பின்னாடி வர்றான்'னு நேத்து பாடினீங்களே, கரையே சிரிச்சுது!"

"அவன் மட்டும் சும்மா இருந்தானா? என் மூக்குல கோழி அடை காக்கலாம்னு பதில் பாடலையா?"

எங்கள் கிரிபாட்டித் தீவுகளில் தென்னம்பாளை சீவ ஏறுகிறவன் பாடுவது வழக்கம்தான். ஆனால் பவுரோவும் தமுவேராவும் பக்கத்துப் பக்கத்து மரத்தில் ஏறினால் அது பாட்டு இல்லை, ஏச்சு. அம்மணமாகக் கடலில் குதித்த நாளிலிருந்து சிநேகிதர்கள். ஐம்பது வயதாகியும் புத்தி வரவில்லை. அதிலும் இந்த மழைக்காலம் முதல் பவுரோவுக்கு வாய் ரொம்பவே நீண்டுவிட்டது.

"நீங்களும் ஒரு சிநேகிதரா? கல்யாணம் நின்னுச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்!"

கோபமாக வீட்டுக்கு வந்த ரூத்தா, புருஷனிடம் கறாராகச் சொன்னாள்: "அந்த ஆள் என்ன பாடினாலும் நீங்க மூச்சு விடக் கூடாது."

சாயங்காலம் விருந்தாளிகள் பாயில் உட்கார்ந்து மீனும் ஈரப்பலாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தமுவேரா வழக்கம்போலப் பாளை சீவ ஏறியிருந்தான். பவுரோ பக்கத்து மர உச்சியிலிருந்து ஆரம்பித்தான்.

"நண்டு கடிச்ச பின்பக்கம், தமுவேரா,
இன்னும் வீங்கித்தான் கிடக்குது, தமுவேரா!"

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் புரையேறியது. ரூத்தாவுக்கு மானம் போயிற்று.

தமுவேராவின் மரத்திலிருந்து பதில் இல்லை. பவுரோ இன்னொரு பாட்டு பாடினான். அது இதைவிட மோசம். அதற்கும் பதில் இல்லை.

"டேய் தமுவேரா! பாடுடா!"

சத்தமே இல்லை.

பவுரோ சரசரவென்று இறங்கி ஓடி, தமுவேராவின் மரத்தில் ஏற ஆரம்பித்தான்.

"ஐயோ, அடிக்கப் போறாரே!" என்று ரூத்தா அலறிக்கொண்டு ஓடினாள். விருந்தாளிகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

உச்சியில் தமுவேரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாவிப்பயலே! வாயில என்னடா கொழுக்கட்டையா?"

"ரூத்தாதான்டா பாடக் கூடாதுன்னுட்டா!"

பவுரோ மட்டையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டான். அவன் கத்தியது கீழே எல்லோருக்கும் கேட்டது.

"மழைக்காலத்துல இதே மரத்துல தலை சுத்தி விழப் பார்த்தியே! ரூத்தாகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கினே! உன் பதில் பாட்டு வந்தாத்தானேடா நீ மேல நல்லா இருக்கேன்னு எனக்குத் தெரியும்!"

கீழே மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சம்பந்தியம்மா, கல்யாணத்துல அந்த நண்டுப் பாட்டு கட்டாயம் வேணும்."

ரூத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து மரத்துல கால் வச்சீங்க, அந்தக் காலை நானே ஒடிப்பேன். இப்ப மெதுவா இறங்குங்க. பவுரோ அண்ணே, ரெண்டு பேரும் பாடிக்கிட்டே இறங்குங்க!"