அப்பக் பத்திரம்

மலையூர் நரினிலிருந்து மாஸ்கோ வேலைக்குக் கிளம்பிய ஜிர்கலுக்கு ஒரே கவலை, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆட்டுக்குட்டி அப்பக். விலங்கு விடுதிக்காரன் போனிலேயே சிரித்துவிட்டான். கடைசியில் ஜிர்கல் அதைப் பக்கத்து வீட்டு சமுதினிடம் விட்டான்.

"யார் வந்தாலும் குடுத்துராதீங்கண்ணே."

"உயிரே போனாலும் குடுக்க மாட்டேன்டா."

சமுதின் சொன்னபடியே இருந்தான். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கே ஆடு அறுக்காமல் வெறும் ரொட்டியும் டீயும்தான். அவர்கள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

வசந்தத்தில் ஜிர்கல் திரும்பினான். சமுதின் அவனைக் கட்டிப்பிடித்து, பெரிய விருந்தாளி உட்காரும் இடத்தில் உட்காரவைத்து, ஆவி பறக்கும் ஆட்டுத்தலையை முன்னால் வைத்தான்.

"முதல்ல அப்பக்கைக் காட்டுங்கண்ணே."

சமுதின் தட்டைக் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினான்.

"அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கே. உனக்கு ஆடு அறுக்கலேன்னா ஊர் என்னடா பேசும்? என்கிட்ட வேற ஆடு ஏது?"