மூன்றாம் வரிசைச் சிரிப்பு

அண்டை நாடுகளின் விளையாட்டு விழா எந்த ஊரில் நடந்தாலும், கடைசி நாளில் பழைய ஓட்டங்களை ஒளியுருவங்களாக மறுபடி ஓடவிடுவார்கள். கௌசல்யா ஒரு விழாவையும் விட்டதில்லை. மகள் தன்ஷிகா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. தடத்தில் மட்டும் அவளுக்கு இன்னும் இருபது வயதுதான்.

அன்று கொழும்பில் தன்ஷிகா ஓடியபோது, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பேன் என்று கௌசல்யா சொல்லியிருந்தாள். விசா வரவில்லை. ஆனாலும் ஒளியுருவத்தில், ஓடுமுன் தன்ஷிகா மூன்றாம் வரிசையைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். இப்போதெல்லாம் அந்தப் பார்வை விழும் இருக்கையைப் பிடித்து உட்கார்ந்து கௌசல்யா கையாட்டுவாள். தன்னைப் பார்த்துத்தான் மகள் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த முறை விழா மீண்டும் கொழும்பில். அந்த இருக்கையில் யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருத்தி இருந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களாக்கா? எம் பொண்ணு இங்கதான் பார்ப்பா.”

“ஆர், அந்த இந்தியப் பிள்ளையோ?” அவள் முகம் மலர்ந்தது. “என்ர மகளும் அண்டைக்கு ஓடினவள். நான் இதே இடத்திலதான் இருந்தனான். உங்கட பிள்ளை ஆரையோ தேடிக்கொண்டு நிண்டவள். பாக்கப் பாவமாக் கிடந்தது. நான்தான் கையைக் காட்டினனான். உடன சிரிச்சிட்டாள்.”

கௌசல்யா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

விளக்குகள் அணைந்தன. தடத்தில் தன்ஷிகா தலை நிமிர்ந்தாள்.

கௌசல்யாவின் கை மடியை விட்டு எழவில்லை.

“கையக் காட்டுங்கக்கா,” என்றாள். “தேடிக்கிட்டு நிக்கிறா.”