காலியாகக் கூடாத அறை

கரண்ட் போன நான்காவது நிமிடம், கிறிஸ்டோபர் செருப்பைக்கூட மாட்டாமல் பொம்மனஹள்ளி மழையில் ஓடிக்கொண்டிருந்தான்.

வீட்டில் யு.பி.எஸ். கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருந்தது, நெட்தான் செத்துவிட்டது. போனிலும் சிக்னல் இல்லை. அந்த ஏரியாவில் கரண்ட் போனால் டவரும் கூடவே படுத்துக்கொள்ளும்.

சாட் ரூமில் இருப்பவரின் தொடர்பு அறுந்தால் சர்வர் சில நிமிடம் பொறுத்துப் பார்க்கும். இதுவரை அதற்குள் கரண்ட் வந்துவிடும். வராவிட்டால் பெயரை எடுத்துவிடும். உள்ளே இருப்பது ஒரே ஒரு பெயர் என்றால் அந்த அறையே இல்லாமல் போய்விடும்.

அந்த ஒரே பெயர் அவனுடையது.

சுரங்கம் மூடப்படும் காலத்தில், கோலார் தங்கவயலை விட்டு ஆளுக்கொரு திசையாகப் பிழைக்கப் போன பத்துப் பதினைந்து பேர் தொடங்கிய அறை அது. ஆளில்லாவிட்டால் அறை செத்துப்போகும் என்று தெரிந்ததும், அப்பாக்கள் சுரங்கத்தில் இறங்கியதைப் போலவே ஷிப்ட் போட்டார்கள். மாற்று ஆள் வந்து வணக்கம் சொல்லாமல் யாரும் வெளியேறக் கூடாது. சொந்தப் பெயரில்தான் வர வேண்டும் என்று இன்னொரு சட்டமும் இருந்தது. வேறு பெயரில் வந்தால் திருடன்தான்.

பிறகு ஒவ்வொருவராக வாட்ஸ்அப்புக்குக் குடிபோனார்கள். மஸ்கட்டிலிருந்து காவல் காத்த நரேஷ்தான் கடைசி. மூன்று வருடத்துக்கு முன், விளக்கை அணைத்துவிட்டு வரச் சொல்லிப் போய்விட்டான்.

கிறிஸ்டோபர் போகவில்லை. தங்கை மெர்சிக்குத் தெரிந்த ஒரே முகவரி அந்த அறைதான்.

2003-இல் அவள் வீட்டுக்குப் பிடிக்காத ஒருவனோடு போனாள். கோபம் தணிந்ததும் ரூமில் பேசலாம் என்று ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்திருந்தாள். அதன்பின் தங்கவயல் வீட்டைக் காலி செய்து பெங்களூர் வந்தாயிற்று. அவளுக்குப் புது விலாசம் தெரியாது, இவர்களுக்கு அவள் விலாசம் தெரியாது. ஃபேஸ்புக்கில் எத்தனையோ மெர்சிகளின் முகத்தைப் பார்த்துவிட்டான். ஒன்றும் அவளில்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறான். "இலவு காத்த கிளி" என்பாள் அவன் மனைவி பிரிஜெட், காப்பியைக் கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொண்டே.

இன்று செப்டம்பர் எட்டு, மெர்சியின் பிறந்தநாள். அவள் என்றைக்காவது வந்தால் இந்த நாளில்தான் வருவாள் என்று ஒவ்வொரு வருடமும் லீவு போட்டுவிட்டு உட்காருவான். இந்த வருடம் சும்மா உட்காரவில்லை. அம்மா இறந்து இருபத்தைந்து நாளாகிறது. மெர்சிக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டேதான் அவள் கண் மூடினாள். வரும் ஞாயிறு முப்பதாம் நாள் பூசை.

அறை காலியாக இருக்கும் நேரம் பார்த்து மெர்சி வந்தால், அண்ணனும் கைகழுவிவிட்டான் என்று நினைத்துப் போய்விடுவாள். மறுபடி வர மாட்டாள். அவள் பிடிவாதம் அவனுக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் அது அப்பா சொத்து.

ஓசூர் ரோட்டோரம் ஜெராக்ஸ் கடையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது.

"சொல்ப இருங்க சார், இவருக்கு ஆதார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துடறேன்" என்றாள் கடைக்கார லட்சுமம்மா, கன்னடம் கலந்த தமிழில்.

அந்த ஆதார் வர ஏழு நிமிடம் ஆனது. கிறிஸ்டோபர் கடவுளைத் திட்டினான், பிறகு மன்னிப்புக் கேட்டான், மறுபடி திட்டினான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது கரண்ட் போய்ப் பதினேழு நிமிடம். எல்லாம் முடிந்திருக்கும். அறையின் பெயரை இரண்டு முறை தப்பாக அடித்தான்.

கதவு திறந்தது. அவன் ஒருவன்தான் இருப்பான் என்று நினைத்தான்.

இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது, மெர்சி.

அவன் ஒரு எழுத்து அடிப்பதற்குள் அவளுடைய வரி வந்து விழுந்தது.

"இன்னைக்குத்தான் உனக்கு மனசு வந்துச்சா அண்ணா? ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் வந்து பாக்கறேன். 'உனக்கு இங்க தடை'ன்னுதான் எனக்கு வரும். வேற பேர்ல திருட்டுத்தனமா நுழைய எனக்கு மனசு வரல."

கிறிஸ்டோபருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஓடிப்போன மறுநாளே அவள் ரூமுக்கு வந்தாள். இருந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டு, அவளை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினான். தள்ளியது நினைவிருக்கிறது. தள்ளப்பட்டவர் மறுபடி நுழையாதபடி பெயரைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதும் அதே பொத்தான்தான். அதை அவன் கவனிக்கவேயில்லை. பட்டியலை ஒரு நாளும் திறந்து பார்த்ததுமில்லை.

அறை உயிரோடு இருக்கும்வரை தடையும் இருக்கும். அறை செத்தால்தான் அது நீங்கும். இன்று கரண்ட் போனதில்தான் அது செத்தது.

இருபத்திரண்டு வருடம் ஒரு நிமிடம்கூடச் சாக விடாமல் காப்பாற்றியிருக்கிறான், பாவி.

மெர்சி அடுத்த வரியை அனுப்பினாள்.

"அம்மா சொல்லித்தானே தடைய எடுத்தே?"

லட்சுமம்மா எட்டிப் பார்த்து, பிரிண்ட் ஏதாவது எடுக்கணுமா என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"ஆமா, அம்மாதான் சொன்னாங்க" என்று அடித்து அனுப்பினான். அம்மா இல்லை என்பதை அடுத்த வரியில் சொல்ல வேண்டியிருந்தது.