ஆறு வீட்டுக் குக்கர்

"உப்பு கேட்டு எங்க வீடு, வெங்காயம் கேட்டு குமுதா வீடு... காலைலேயே லயம் பூரா ரவுண்டு அடிச்சாச்சுலா, பவுலினக்கா" என்றாள் அடுத்த வீட்டு நீலாவதி.

பவுலின் பதில் சொல்லாமல் வகுப்பறையின் கடைசி பெஞ்சில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து, புடைத்த தோள்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் பதில் சொல்லாததே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய செய்தி. எந்த வீட்டில் என்ன கறி என்பதை மூடி திறக்காமலே சொல்லிவிடும் பெண்.

முன்னால் மேசைமேல் அந்தப் பெட்டி. செயற்கை நுண்ணறிவாம். இந்த மலைக்கு இணையம் ஒழுங்காக ஏறாது என்பதால், இணையமே இல்லாமல் பேசும் வகை. பிள்ளைகள் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும்.

சோதனைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். இன்று கோலாலம்பூரிலிருந்து அதிகாரி வந்திருக்கிறார். அவர் கண்முன் தடையில்லாமல் ஓடினால் பெட்டி இங்கேயே இருக்கும். இல்லையென்றால் டவுன் பள்ளிக்குப் போய்விடும்.

பள்ளிக்கும், தொழிலாளர் லயத்தின் ஆறு வரிசை வீடுகளுக்கும் ஒரே கரண்டு லைன். போன வாரம் ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில் சோறு வைத்ததும் பெட்டி அணைந்தது. அதனால் அதிகாரி போகும்வரை ரைஸ் குக்கர் போடுவதில்லை என்று பெண்கள் எல்லாரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

குக்கர் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து இங்கே உட்கார எத்தனை நேரமாகும்? லயத்து வாக்கு எவ்வளவு தாங்கும் என்பது பவுலினுக்குத் தெரியும்.

அவளுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை? மகள் டிஃபனி. வீட்டுக்கான பேச்சையெல்லாம் அம்மாவே பேசி முடித்துவிட்டதாலோ என்னவோ, அந்தப் பெண் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. பெட்டியிடம்தான் முதன்முதலாகக் கேள்வி கேட்டாள்.

இப்போதும் எழுந்து கேட்டாள். "தேயிலைச் செடிய வெட்டாமலே விட்டா எவ்ளோ உசரம் வளரும்?"

"வெட்டாமல் விட்டால்..." என்று தொடங்கிய பெட்டி அணைந்தது. விளக்கும்.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "ஸ்கூல் வயரிங் தாங்கல போல. டவுன்லயே வச்சிடலாம்."

டிஃபனி நின்றுகொண்டே இருந்தாள்.

தலைமையாசிரியர் பழனியப்பன் பெண்கள் பக்கம் முறைத்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பவுலின் மட்டும் அறையின் மூலையைப் பார்த்தாள். அதிகாரிக்குத் தேநீர் போட பழனியப்பன் சற்றுமுன் தட்டிவிட்டிருந்த கரண்டு கெட்டில், சீறுவதை நிறுத்தியிருந்தது.

பவுலின் எழுந்தாள். "வயரிங் நல்லாத்தான் இருக்கு சார். எங்க குக்கருங்கதான். ஆறு வீட்லயும் போட்டுட்டோம். நான் போயி சுவிட்ச அடைச்சிட்டு, மெயினையும் தூக்கிவிட்டுட்டு வந்துடுறேன்."

"நான் போடவே இல்ல!" என்று நீலாவதி குமுதாவை முறைத்தாள். குமுதா வேறு யாரையோ.

போகிற போக்கில் பவுலின் கெட்டிலையும் பிடுங்கி எடுத்துக்கொண்டாள். "டீ எங்க வீட்டு கேஸ்ல போட்டுக் கொண்டாறேன் சார்."

அவள் தேநீரோடு திரும்பியபோது விளக்கு எரிந்தது. டிஃபனி மறுபடியும் கேட்டிருந்தாள். வெட்டாமல் விட்டால் மரமாகவே வளரும் என்று பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது.

அதிகாரி இரண்டு மிடறு குடித்துவிட்டு, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். கூடவே, இனியாவது பொறுப்போடு நடந்துகொள்ளும்படி லயத்துப் பெண்களுக்கு அறிவுரையும் சொன்னார்.

பவுலின் பணிவாகத் தலையாட்டியபடி, பைக்கு வெளியே எட்டிப் பார்த்த பிளக்கை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தாள்.

ஆறு வீட்டுக் குக்கர்களிலிருந்தும் கழற்றிய வயர்கள் காலையிலிருந்து அதற்குள்தான் கிடந்தன.

மதியச் சோறு வைப்பதற்குள் மறுபடியும் வீடு வீடாக உப்பு கேட்டுப் போகவேண்டும்.