சூடு வைக்கச் சொன்ன கண்ணாடி

வெள்ளி கலந்த உருகிய உப்பில் ஒரு பகல் முழுக்கக் குளித்துவிட்டு வந்த கண்ணாடித் தகட்டுக்கு முதல் வேலையாகச் சந்தேகம் வந்தது. உள்ளே பரம்பரையாகக் குடியிருந்த சோடியம் அணுக்களில் பாதியைக் காணோம். அவை காலி செய்த இடங்களில் இடத்துக்கு ஒன்றாக வெள்ளி அணுக்கள் உட்கார்ந்திருந்தன. சத்தம் இல்லை, சண்டை இல்லை, கண்ணாடியின் நிறம்கூட மாறவில்லை. அதுதான் அதை உறுத்தியது. இவர்களால் நாளைக்குத் தெளிவு போய்விட்டால் ஒரு கண்ணாடிக்கு வேறென்ன மிச்சம்?

“இவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்றால் கூடிப் பேசி ஏதோ திட்டம் போடுகிறார்கள் அண்ணே,” என்று அது உலையிடம் சொன்னது. “கொஞ்சம் சூடு வையுங்கள். வெளியே ஓடட்டும்.”

“ஓடுவார்களா என்று தெரியாது தம்பி. இடம் பெயர்வார்கள், அது மட்டும் நிச்சயம்,” என்றது உலை.

“பெயரட்டும். முதலில் உங்கள் கதவைத் திறங்கள்.”

சூடு ஏறியது. ஒருவரும் வெளியே போகவில்லை. வெள்ளி அணுக்கள் பத்தும் நூறுமாக உள்ளேயே ஒட்டித் திரண்டன. அந்தத் திரள்களால் கண்ணாடி முழுக்க மஞ்சள் பரவியது.

“பார்த்தீர்களா அண்ணே! சதி என்று அப்போதே சொன்னேனே!”

“என்ன சதி?” என்றது வெள்ளி அணு ஒன்று. “பக்கத்தில் இருப்பவர் யாரென்றே எனக்குத் தெரியாது. சூடு தாங்காமல் ஓடினேன். கைக்கு அகப்பட்டவரைப் பிடித்துக்கொண்டேன்.”

கண்ணாடி ஒரு கணம் யோசித்தது.

“பேச்சைப் பாருங்கள்,” என்றது உலையிடம். “இன்னும் கொஞ்சம் சூடு வையுங்கள் அண்ணே.”