செவ்வந்தி பெயரில் ஒரு கட்டுரை

முதல் பரிசு பெற்ற கட்டுரையை எழுதியது நான். பரிசு வாங்க மேடையேறிக்கொண்டிருந்தவள் செவ்வந்தி.

நான் மேடைக்குக் கீழே சமோசாத் தட்டோடு நின்றிருந்தேன்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அது நூலக வாரத்தின் கடைசி நாள். கல்வராயன் மலைப் புகைப்படக் கண்காட்சிக்கு நல்ல கூட்டம்; அந்த அறையில் ஏ.சி. இருந்ததும் ஒரு காரணம். வினாடி வினாவுக்கும் ஆள் சேர்ந்தது. நூல் விமர்சனப் போட்டிக்குத்தான் யாரும் எழுதவில்லை. பத்து நாள் வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் இரண்டு சாக்லேட் காகிதமும் தீர்ந்துபோன ஒரு ரீஃபில்லும் இருந்தன.

“மூணு கட்டுரையாவது இருந்தாத்தான் போட்டி நடந்துச்சுன்னு ரிப்போர்ட் அனுப்ப முடியும், கொளஞ்சியப்பன்,” என்றார் நூலகர் நிர்மலா மேடம்.

பிள்ளைகளிடம் கேட்டு வாங்கு என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். என் காதில் நீயே எழுது என்று விழுந்தது.

இருபத்திரண்டு வருடமாக நூலக உதவியாளர். இங்கே நான் தூக்காத புத்தகம் இல்லை. படித்தது என்று கேட்டால், பின்னட்டைகளைச் சொல்லலாம்.

திரும்பி வந்த குவியலிலிருந்து மூன்று நாவல்களை எடுத்தேன். பின்னட்டைகளைப் படித்தேன். கடைசியாக அவற்றை எடுத்துப்போன மாணவர்களின் பெயரிலேயே எழுதினேன். முதலாவதை இடது கையால். இரண்டாவதை எழுத்துகளைச் சாய்த்து. மூன்றாவதற்குள் விரல் வலித்துவிட்டதால் என் சொந்தக் கையெழுத்திலேயே முடித்தேன்.

செவ்வந்தி பெயரில் எழுதிய அந்த மூன்றாவது, கிணறு வெட்டுகிற ஒருவனின் கதை. ‘இறுதியில் தண்ணீர் பொங்கி வர, ஊரே கூடி ஆடிப் பாடுகிறது’ என்று எழுதியிருந்தேன். கிணறு வெட்டும் கதையில் கடைசியில் வேறென்ன வரும்?

பெயரைக் கூப்பிடுவார்கள், கோப்பையைக் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். சும்மா கிடைக்கும் பரிசை எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் நடுவராகத் திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் பொன்னுரங்கம் கட்டுரைகளை உண்மையிலேயே படித்துத் தொலைத்திருந்தார்.

“இந்த நாவல நான் படிச்சதில்ல. இந்தப் பொண்ணு எழுதுனதப் பாத்ததும் படிக்கணும்னு ஆசையா இருக்குது. அதுவே நாலு வார்த்த பேசட்டும்,” என்று கட்டுரையை அவள் கையில் கொடுத்து, மைக்கையும் நீட்டினார்.

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

செவ்வந்தி எம்.ஏ. முதலாண்டு. கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் எட்டரைக்கே வந்து இறங்கி, வகுப்பு தொடங்கும்வரை எங்கள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படிக்கிறவள். நான் எழுதவில்லை என்று அவள் சொன்னால் என் வேலை போகும். எழுதினேன் என்றால் என்னால் அவள் பொய் சொன்னவளாவாள்.

அவள் தாளைப் பார்த்தாள். அவள் எடுத்துப்போகும் புத்தகத்திலெல்லாம் திருப்பித் தரவேண்டிய தேதியை நான் எழுதித் தருகிற அதே கையெழுத்து.

நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

நான் சமோசாவைப் பார்த்தேன்.

“சார், இதுல கடைசியில ஊரே ஆடிப் பாடுதுன்னு இருக்குது. அது தப்பு சார்,” என்றாள். “எழுதுனப்ப கடைசிப் பக்கம்லாம் படிக்கல.”

யார் எழுதியது, யார் படிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

பிறகு முடிவைச் சொன்னாள். மழை பொய்த்த ஊர். அவன் தோண்டிக்கொண்டே போகிறான். மேலே நின்று மண் இழுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். ஒரு நாள் பாறை விரிசலில் ஈரம் கசிகிறது.

“தண்ணி வந்துடுச்சுன்னு கத்துறான் சார். முட்டிக்கு வருது, இடுப்புக்கு வருது. கத்திக்கினே இருக்கறான். மேல கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல.”

முன்வரிசையில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிர்ந்தார்கள். பொன்னுரங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம்தான் கைதட்டினார்கள். நானும் தட்டப் பார்த்தேன். கையில் தட்டு இருந்தது.

கோப்பையோடு இறங்கியவள் நேராக என்னிடம் வந்தாள்.

“இன்னாண்ணா இது? அடுத்த தபா எம்பேர்ல எழுதறதுன்னா புக்கப் படிச்சிட்டு எழுதுங்க.”

இரண்டு சமோசா எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒன்றுதான் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

“தம்பி, அந்த நாவல எடுத்துட்டு வாங்க,” என்றார் பொன்னுரங்கம் சார். “படிச்சிட்டுக் குடுத்தனுப்பறேன்.”

மாடிக்கு ஓடினேன். அடுக்குகளுக்கு நடுவே நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நாவலின் முடிவைத் தேடிப் புரட்டினேன். அந்த மனிதன் கிணற்றுக்குள் நின்று கத்துவதை நானும் படிக்க வேண்டும்போல் இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் கடப்பாரையை ஓங்குகிறான். வாக்கியம் பாதியில் நிற்கிறது. அடுத்தது அட்டை.

மடங்கியிருக்குமோ என்று விரித்துப் பார்த்தேன். ஒட்டியிருக்குமோ என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கங்கள் இல்லவே இல்லை. நூலகத்தில் இருப்பதும் இந்த ஒரு பிரதிதான். வெளியிட்ட பதிப்பகம் மூடிப் பல வருடமாகிறது. மேடையில் சொன்ன முடிவை அவள் எங்கே படித்திருப்பாள்?

பின்னட்டையின் உட்புறத்தில் பைண்டிங் முத்திரை. பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி. ‘பக்கங்கள் சரிபார்க்கப்பட்டன’ என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து.

என்னுடையது.

புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுக் கீழே வந்தேன். செவ்வந்தி பஸ்ஸுக்காகக் கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

“புக்கு வெளிய போயிருக்குதுங்க சார்.”

“அடடா. யார்கிட்டப்பா இருக்குது?”

“அந்தப் பொண்ணுகிட்டதான் சார்,” என்றேன்.